ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் பட்டம் ஏன் அற்றுப்போயிற்று? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் இங்கிலாந்தின் பழைய பிரபுப் பட்டங்களைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதியபோது, டி வியர் குடும்பத்தார் வகித்துவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் பட்டம் இருபது பேரைக் கண்டபின் 1703-இல் அற்றுப்போயிற்று என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பல ஆண்டுகளாக நான் ஈடுபாட்டோடு படித்துவரும் வரலாறு இது என்பதால், இந்த இதழில் இந்தப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கடைசி ஏர்லுக்கு மகள் இருந்தார் என்றும், அந்த மகளுக்குப் பல பிள்ளைகள் பிறந்தார்கள் என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, பட்டம் அற்றுப்போயிற்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நீங்கள் படித்தது சரிதான். இருபதாம் ஏர்லான ஆப்ரி டி வியரின் மகள் டயானா 1694-இல் முதலாம் செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்கை மணந்தார். அவர்களுடைய வழித்தோன்றல்களே இன்றுவரை அந்த டியூக் பட்டத்தை வகித்துவருகிறார்கள். ஆகவே டி வியர் குருதி வற்றிவிடவில்லை.

ஆனால் இங்கிலாந்தின் பிரபுப் பட்டம் ஒன்று யாருக்குப் போகும் என்பதை உறவின் நெருக்கம் தீர்மானிப்பதில்லை. பட்டம் வழங்கப்பட்டபோது மன்னர் எந்தச் சொற்களால் அதை வழங்கினாரோ அந்தச் சொற்களே தீர்மானிக்கின்றன. வாரிசுகளுக்கு என்று பொதுவாக எழுதப்பட்டிருந்தால், மகன் இல்லாதபோது மகளுக்கோ மகள் வயிற்றுப் பிள்ளைக்கோ உரிமை கோர இடம் உண்டு. ஆண்வழி வாரிசுகளுக்கு என்று எழுதப்பட்டிருந்தால், ஆணிலிருந்து ஆணுக்கு இடைமுறியாமல் வந்த ஓர் ஆண் மட்டுமே அதைப் பெற முடியும். ஆக்ஸ்ஃபோர்டு பட்டம் தொடக்கத்தில் எப்படி இருந்திருந்தாலும், 1393-இல் அது ஆண்வழிக்கு என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. அந்த வரையறைக்குப் பொருந்தும் ஆண் ஒருவரும் 1703-இல் முன்வரவில்லை. இந்த 1393-ஆம் ஆண்டு நிபந்தனை பற்றிப் பின்வரும் பதில்களில் அடிக்கடி பேச வேண்டியிருக்கும். இந்தக் குடும்பத்தின் பட்டத்தை இருமுறை காப்பாற்றியதும் அதுதான், இறுதியில் முடித்துவைத்ததும் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவர்களுடைய கோட்டை எசெக்ஸில் இருக்கிறது. பட்டம் மட்டும் ஏன் ஆக்ஸ்ஃபோர்டு?

குடும்பத்தின் மூதாதை ஆப்ரி டி வியர், நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய தலைமுறையில் வந்து, எசெக்ஸ் உள்ளிட்ட கிழக்குப் பகுதிகளில் நிலங்களைப் பெற்றவர். அங்கே ஹெடிங்ஹம் என்ற ஊரில் குடும்பம் எழுப்பிய கோட்டையின் கற்கோபுரம் இன்றும் நிற்கிறது. அவருடைய மகனான இரண்டாம் ஆப்ரியை முதலாம் ஹென்றி மன்னர் 1133-இல் தலைமைச் சேம்பர்லினாக நியமித்து, அந்தப் பதவி அவருடைய வாரிசுகளுக்கும் உரியது என்று பட்டயம் கொடுத்தார். அரசரின் அறையையும் இல்லத்தையும் சார்ந்த உயர்ந்த பதவி அது. அந்தப் பட்டயத்தில் ஆண்வழி என்ற கட்டுப்பாடு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆப்ரி 1141-இல் லண்டனில் நடந்த கலவரம் ஒன்றில் கொல்லப்பட்டார். ஸ்டீஃபன் மன்னரும் பேரரசி மெட்டில்டாவும் அரியணைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. தந்தைக்குப் பின் வந்த மூன்றாம் ஆப்ரியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதற்காக மெட்டில்டா அதே ஆண்டில் அவருக்கு ஏர்ல் பட்டம் தர முன்வந்தார். முதலில் கேம்பிரிட்ஜ்ஷயர் தரப்படுவதாகவும், அது ஸ்காட்லாந்து மன்னருக்கு உரியதாக இருக்குமானால் ஆக்ஸ்ஃபோர்டு, பெர்க்ஷயர், வில்ட்ஷயர், டார்செட் ஆகிய நான்கில் ஒன்றை ஆப்ரி தேர்ந்துகொள்ளலாம் என்றும் ஏற்பாடு. அவர் ஆக்ஸ்ஃபோர்டைத் தேர்ந்தார்.

அந்தக் காலத்து ஏர்ல் என்பவர் தம் பட்டத்தின் பெயருக்குரிய மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த மாவட்ட நீதிமன்றத்தில் வசூலாகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குச் சேரும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் அந்தப் பங்கை இரண்டாம் ஹென்றி மன்னர் 1156-இல் உறுதிசெய்தார். மற்றபடி குடும்பத்தின் வேர், வாழ்க்கை, கல்லறைகள் எல்லாம் எசெக்ஸில்தான்.

கேள்வி: இருபது பேரும் தந்தைக்குப் பின் மகன் என்று நேராக வந்தவர்களா?

இல்லை. இருபது பேருக்கு இடையே பட்டம் பத்தொன்பது முறை கைமாறியது. அவற்றில் பதின்மூன்று முறைதான் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று. மற்ற ஆறு முறையும் பக்கவாட்டில் நகர்ந்தது.

இரண்டாம் ஏர்ல் முறைப்படியான பிள்ளை இல்லாமல் 1214-இல் இறந்தபோது தம்பி ராபர்ட்டுக்குப் போயிற்று. ஜான் மன்னரின் மாக்னா கார்ட்டாவை நிறைவேற்றுவதற்குப் பொறுப்பேற்ற இருபத்தைந்து பிரபுக்களுள் இந்த ராபர்ட்டும் ஒருவர். ஆறாம் ஏர்ல் 1331-இல் இறந்தபோது அவருடைய மகன் ஏற்கெனவே மறைந்துவிட்டதால், தம்பி மகன் ஜானுக்குச் சென்றது. கிரேசியிலும் புவாட்டியேவிலும் போரிட்டவர் இந்த ஏழாம் ஏர்ல். ஒன்பதாமவருக்குப் பின் சிற்றப்பாவுக்கும், பதின்மூன்றாமவருக்குப் பின் தம்பி மகனுக்கும் போயிற்று. பதினான்காமவரிடமிருந்து பதினைந்தாமவருக்கும், பதினெட்டாமவரிடமிருந்து பத்தொன்பதாமவருக்கும் போனதுதான் மிக விலகிய உறவு. இந்த இரு நேர்வுகளிலும் இறந்தவரின் பாட்டனாரும் வந்தவரின் பாட்டனாரும் உடன்பிறந்தவர்கள். ஆண்வழித் தாயாதிகள் என்ற ஓர் உறவைத் தவிர வேறு நெருக்கம் அவர்களுக்கிடையே இல்லை.

கேள்வி: 1393-ஆம் ஆண்டு நிபந்தனை எதனால் வந்தது? அதற்கு முன் அந்தப் பட்டத்துக்கு என்ன நேர்ந்தது?

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொடும் பகுதி இது. ஒன்பதாம் ஏர்ல் ராபர்ட் 1362-இல் பிறந்து, 1371-இல் தந்தையை இழந்து, சிறுவனாகவே ஏர்ல் ஆனவர். அவரைவிடச் சில ஆண்டுகள் இளையவரான இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்கு அவர் உயிர் நண்பரானார். மன்னர் 1385-இல் அவரை டப்ளின் மார்க்விஸாக உயர்த்தினார். ஏர்லுக்கு மேலான மார்க்விஸ் என்ற படிநிலையே இங்கிலாந்தில் அதற்கு முன் இருந்ததில்லை என்பதால், மூத்த ஏர்ல்கள் கடும் சினம் கொண்டார்கள். மறு ஆண்டில் அவர் அயர்லாந்து டியூக்கும் ஆனார். மூன்றாம் எட்வர்டின் பேத்தி பிலிப்பாவை மணந்திருந்த அவர், அரசியின் பரிவாரத்தோடு பொஹீமியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்காக அந்த மனைவியைத் தள்ளிவைத்தது அரச குடும்பத்தாரையும் பகைவர்களாக்கிற்று.

எதிர்த்தெழுந்த பிரபுக்களின் படை 1387 டிசம்பரில் ராட்காட் பாலத்தருகே அவருடைய படையைச் சிதறடித்தது. அவர் தேம்ஸ் நதியைக் கடந்து தப்பி, கடல் தாண்டிப் போனார். அடுத்த ஆண்டு கூடியதும், இரக்கமற்ற நாடாளுமன்றம் என்றே பின்னாளில் பெயர் பெற்றதுமான அவை அவரைத் துரோகி என்று தீர்த்து, பட்டங்களையும் நிலங்களையும் பறித்தது. 1392 நவம்பரில் லூவேன் நகரில், காட்டுப்பன்றி வேட்டையில் பட்ட காயத்தால் அவர் இறந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து மன்னர் அவருடைய உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுவரச் செய்து, ஏர்ல்ஸ் கோன் என்ற ஊரில் இருந்த குடும்ப மடத்தில் அடக்கம் செய்தார். அப்போது பெட்டியைத் திறக்கச் சொல்லி, நண்பரின் முகத்தைப் பார்த்து, விரல்களைத் தொட்டார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார்.

அந்த நட்பின் பயனைக் குடும்பம் அதற்கு முன்பே பெற்றுவிட்டிருந்தது. ராபர்ட் இறந்த செய்தி வந்த சில வாரங்களில், 1393 ஜனவரியில் கூடிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு, மன்னர் ஏர்ல் பட்டத்தை ராபர்ட்டின் சிற்றப்பா ஆப்ரிக்குக் கொடுத்தார். பறிமுதலான பட்டம் மன்னரின் கைக்கு வந்துவிட்டபடியால், இது பழையதைத் திருப்பித் தந்ததாக மட்டும் இல்லாமல், சட்டத்தின் பார்வையில் புதிதாக வழங்கியதாகவும் ஆயிற்று. அவ்வாறு வழங்கும்போதுதான், ஆப்ரிக்கும் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கும் என்ற வரையறை சேர்ந்தது.

இதன் விளைவு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது. பதினான்காம் ஏர்ல் ஜான் 1526-இல் பிள்ளையில்லாமல் இளம் வயதில் இறந்தபோது, அவருக்கு உடன்பிறந்த சகோதரிகள் மூவர் இருந்தார்கள். பழைய பொது வாரிசு முறையே நீடித்திருந்தால் உரிமை அந்த மூவரிடம் போய் மூன்றாகப் பிளந்து நின்றிருக்கும். டி வியர் என்ற பெயரோடு ஆக்ஸ்ஃபோர்டு பட்டத்தின் தொடர்பு அன்றே முடிந்திருக்கும். 1393-இன் வரையறை இருந்ததால் பட்டம் சகோதரிகளைத் தாண்டி, தூரத்துத் தாயாதியான மற்றொரு ஜானிடம் சென்றது.

கேள்வி: பன்னிரண்டாம் ஏர்ல் தலை வெட்டப்பட்டு இறந்தார், பதின்மூன்றாம் ஏர்லும் துரோகி என்று அறிவிக்கப்பட்டார் என்றால், பட்டம் எப்படிப் பிழைத்தது?

லங்காஸ்டர், யார்க் என்ற இரு அரச கிளைகளுக்கிடையே நடந்த போர்களில் டி வியர் குடும்பம் லங்காஸ்டர் பக்கம் உறுதியாக நின்றது. அதற்கு விலையாகப் பன்னிரண்டாம் ஏர்லும் அவருடைய மூத்த மகன் ஆப்ரியும் 1462 பிப்ரவரியில், சில நாள் இடைவெளியில், லண்டனில் தலை வெட்டப்பட்டார்கள். நான்காம் எட்வர்ட் மன்னர் இணக்கத்தை விரும்பி, இரண்டாவது மகன் ஜான் 1464-இல் பட்டத்தைப் பெற இசைந்தார். ஆனால் அந்த ஜான் தந்தையின் பக்கத்தையே தேர்ந்தார்.

1471-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று பார்னெட்டில் மூடுபனிக்கிடையே நடந்த போரில், அவருடைய வீரர்கள் அணிந்திருந்த நட்சத்திரச் சின்னத்தை எட்வர்டின் சூரியச் சின்னம் என்று தவறாக எண்ணி, அவருடைய கூட்டாளிகளே அவர்கள் மீது அம்பெய்தார்கள். துரோகம் என்ற கூச்சல் எழுந்து படை கலைந்தது. தப்பிய ஏர்ல் 1473-இல் கார்ன்வாலின் செயின்ட் மைக்கேல் குன்றைக் கைப்பற்றிச் சில மாதங்கள் தாக்குப்பிடித்தார். பிறகு சரணடைந்து, கலே அருகே ஹாம் கோட்டையில் பத்தாண்டு சிறையிருந்தார். 1475-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது.

துரோகத் தீர்ப்புச் சட்டத்தால் பட்டம் பறிக்கப்படுவதற்கும் வாரிசு இன்றிப் பட்டம் அற்றுப்போவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. பறிக்கப்பட்டதை மற்றொரு சட்டத்தால் திருப்பித் தந்துவிடலாம். 1484-இல் தம்மைக் காவல் காத்த தளபதியோடு சேர்ந்தே சிறையிலிருந்து வெளியேறி ஹென்றி டியூடருடன் இணைந்த ஜான், மறு ஆண்டு பாஸ்வொர்த்தில் அவருடைய முன்னணிப் படையை நடத்தினார். ஹென்றி அரியணையேறியதும் கூடிய முதல் நாடாளுமன்றமே பழைய தீர்ப்பை நீக்கிற்று. 1513 வரை வாழ்ந்த அவருக்கு வாரிசாகப் பிள்ளை எவரும் எஞ்சாததால், தம்பி மகன் பதினான்காம் ஏர்லானார்.

கேள்வி: ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியவர் என்று சிலர் சொல்லும் ஏர்ல் இந்தக் குடும்பத்தவரா?

ஆம், பதினேழாம் ஏர்லான எட்வர்ட், 1550 முதல் 1604 வரை வாழ்ந்தவர். அந்தக் கருத்து 1920-இல் பரவத் தொடங்கியது. ஷேக்ஸ்பியர் ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. அவர் கவிஞர் என்பதும், பெரும் சொத்துகளை விற்றுத் தீர்த்தவர் என்பதும், எலிசபெத் அரசி 1586 முதல் அவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு உதவித்தொகை அளித்தார் என்பதும் உறுதியான செய்திகள்.

பட்டத்தின் கோணத்தில் வேறொரு நிகழ்ச்சி முக்கியமானது. அவருடைய தந்தை 1562-இல் இறந்த மறு ஆண்டே, முதல் தாரத்தின் மகளான கேத்தரினும் அவருடைய கணவர் வின்ட்சர் பிரபுவும், இரண்டாம் திருமணம் சட்டப்படி செல்லாது என்றும், ஆகவே எட்வர்ட் முறையான வாரிசு அல்லர் என்றும் வழக்குத் தொடுக்க முனைந்தார்கள். அந்த முயற்சி வெற்றி பெறவில்லை. பெற்றிருந்தால், எட்வர்டின் சிற்றப்பா கிளைக்குப் பட்டம் அப்போதே போயிருக்கும்.

கேள்வி: 1626-ஆம் ஆண்டு வழக்கில் பட்டம் ஒருவருக்கும் பதவி மற்றொருவருக்கும் போனது ஏன்? ஒரே குடும்பச் சொத்தை இப்படிப் பிரித்தது நியாயமா?

நியாயம்தான் என்று நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பதினெட்டாம் ஏர்ல் ஹென்றி, நெதர்லாந்தில் ஸ்பெயினுக்கு எதிராக நடந்த போரில் பங்கேற்று, 1625-இல் ஹேக் நகரில் பிள்ளையில்லாமல் இறந்தார். இருவர் முன்வந்தார்கள். ஒருவர் ராபர்ட் டி வியர்: டச்சுப் படையில் பணிபுரிந்த, பெரிய சொத்தில்லாத போர்வீரர், பதினைந்தாம் ஏர்லின் இளைய மகன் ஒருவருடைய பேரன். மற்றவர் ராபர்ட் பெர்ட்டி, வில்லோபி டி எரெஸ்பி பிரபு: பதினேழாம் ஏர்லின் உடன்பிறந்த சகோதரி மேரியின் மகன், இறந்தவருக்கு அத்தை மகன். குருதி நெருக்கத்தில் அத்தை மகனே முந்தியவர், செல்வத்திலும் செல்வாக்கிலும் மேலானவர். ஆனால் தாயாதி உறவும் டி வியர் என்ற பெயரும் மற்றவரிடம் இருந்தன.

பிரபுக்கள் சபை நீதிபதிகளின் கருத்தைக் கேட்டது. தலைமை நீதிபதி ராண்டல்ஃப் குரூ அப்போது ஆற்றிய உரை ஆங்கிலச் சட்ட வரலாற்றில் நிலைத்துவிட்ட ஒன்று. இத்தனை தொன்மையான குடும்பத்தின் மீது பற்றுக் கொள்ளாதவர் எவரும் இருக்க முடியாது என்றும், ஆயினும் அந்தப் பற்றுத் தம் தீர்ப்பை அழுத்திவிடாதபடி தமக்குத் தாமே உடன்படிக்கை செய்துகொண்டிருப்பதாகவும் அவர் சொன்னார். காலம் எல்லாவற்றையும் உண்டுவிடுகிறது என்று சொல்லிவிட்டு, மறைந்துபோன பெருங்குடிகளின் பெயர்களை அடுக்கி, "போஹன் எங்கே? மோப்ரே எங்கே? மார்ட்டிமர் எங்கே? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பிளான்டாஜெனட் எங்கே?" என்று கேட்டார். அரசாண்ட மரபுகளும் கல்லறைக்குள் போய்விட்டன, ஆயினும் இறைவனின் திருவுளம் உள்ளவரை டி வியரின் பெயரும் மதிப்பும் நிலைக்கட்டும் என்று வாழ்த்தினார். இதே குரூ, நாடாளுமன்ற ஒப்புதலின்றி மன்னர் வசூலித்த கட்டாயக் கடனைச் சட்டப்படியானது என்று எழுதித்தர மறுத்ததற்காக அந்த ஆண்டு இறுதிக்குள் பதவி நீக்கப்பட்டார். பற்றையும் தீர்ப்பையும் பிரித்துப் பார்ப்பேன் என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இனி முடிவுக்கு வருவோம். ஏர்ல் பட்டம் 1393-இன் வரையறைப்படி ஆண்வழிக்கு உரியது. ஆகவே அது ராபர்ட் டி வியருக்குப் போயிற்று, அவர் பத்தொன்பதாம் ஏர்லானார். சேம்பர்லின் பதவி 1133-இன் பட்டயப்படி வாரிசுகளுக்கு என்று பொதுவாக வழங்கப்பட்டது; ஆகவே நீதிபதிகளில் பெரும்பான்மையோர் அதை ராபர்ட் பெர்ட்டிக்கு உரியது என்றார்கள். குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்பட்டுவந்த போல்பெக், சாண்ட்ஃபோர்டு, பேட்லஸ்மியர் என்ற பாரன் பட்டங்களோ, 1526-இலேயே பதினான்காம் ஏர்லின் மூன்று சகோதரிகளின் வழிக்குப் பிரிந்துபோய்விட்டன என்றும், அவற்றை எவருக்குத் தருவது என்பது மன்னரின் விருப்பம் என்றும் கருத்துக் கூறப்பட்டது. மூன்று உரிமைகளும் மூன்று வெவ்வேறு ஆவணங்களிலிருந்து பிறந்தவை. பல தலைமுறைகளாக ஒரே மனிதர் அவற்றைச் சேர்த்து வகித்தார் என்பதால் அவை ஒன்றாகிவிடவில்லை.

பத்தொன்பதாம் ஏர்ல் பட்டத்தைப் பெற்றாரே தவிர, அதற்கேற்ற நிலத்தைப் பெறவில்லை. மீண்டும் டச்சுப் படைக்கே திரும்பி, 1632-இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் உயிரிழந்தார்.

கேள்வி: கடைசி ஏர்லுக்கு ஒரு நடிகையிடம் மகன் பிறந்ததாகச் சொல்கிறார்களே, அந்த மகன் ஏன் பட்டம் பெறவில்லை?

கடைசி ஏர்ல் ஆப்ரி, தந்தை போரில் இறந்தபோது ஐந்து வயதுக் குழந்தை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஏர்லாக இருந்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் மன்னர் பக்கத்தவர் என்பதற்காகச் சிறையும் கண்டார். இரண்டாம் சார்ல்ஸ் திரும்பி வந்ததும் 1661-இல் குதிரைப்படை ஒன்றின் தலைமையைப் பெற்றார். நீலச் சீருடை அணிந்த அந்தப் படைக்கு ஆக்ஸ்ஃபோர்டு நீலப்படை என்ற பெயர் அவராலேயே வந்தது.

அந்த நடிகையின் பெயர் ஹெஸ்டர் டேவன்போர்ட். முதல் மனைவி இறந்தபின் 1660-களின் தொடக்கத்தில் ஏர்ல் அவரை மணப்பதாக ஏமாற்றி, போலிக் குருவானவர் ஒருவரைக் கொண்டு போலிச் சடங்கு ஒன்றை நடத்தினார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தச் சடங்கு திருமணமாக ஏற்கப்படாததால் அந்த மகன் சட்டத்தின் கண்ணில் வாரிசாகவில்லை. இங்கிலாந்துப் பட்டங்களுக்கு முறைப்படியான திருமணத்தில் பிறந்திருப்பது முதல் நிபந்தனை. அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்டது பெரும் அநீதி என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சடங்கு உண்மையானதாக இருந்திருந்தால், டி வியர் பெயர் இன்னும் ஒரு தலைமுறையாவது நீடித்திருக்க இடமுண்டு.

பின்னர் 1673-இல் ஆப்ரி டயானா கர்க் என்பவரை மணந்தார். பிறந்த ஒரே மகன் சிறு வயதிலேயே இறந்தான். பெண் பிள்ளைகள் எஞ்சினார்கள். அவர்களுள் தாயின் பெயரையே தாங்கிய டயானா, இரண்டாம் சார்ல்ஸுக்கும் நடிகை நெல் க்வினுக்கும் பிறந்த செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்கை மணந்தார். 1703 மார்ச் 12 அன்று ஆப்ரி இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். டயானாவின் மகன்களுள் ஒருவருக்கு வியர் என்றே பெயர் சூட்டினார்கள். கடற்படையில் உயர்ந்த அவர் 1750-இல் வியர் பிரபு ஆனார். பெயர் அந்த வடிவில் தொடர்ந்தது. ஏர்ல் பட்டம் தொடரவில்லை.

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் என்று ராபர்ட் ஹார்லியும், பின்னர் பிரதமர் ஆஸ்க்வித்தும் அழைக்கப்பட்டார்களே?

அவை இரண்டும் புதிய பட்டங்கள். பழைய பட்டத்தின் தொடர்ச்சி அல்ல. அமைச்சர் ஹார்லிக்கு 1711-இல் வழங்கப்பட்டபோது, ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல், மார்ட்டிமர் ஏர்ல் என்று இரட்டைப் பெயராக வழங்கப்பட்டது. டி வியர் ஆண்வழியில் எவரேனும் பின்னாளில் உரிமை கோரி வென்றுவிட்டால், ஹார்லிக்கு மார்ட்டிமர் பெயராவது மிஞ்ச வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் காரணம். அந்தப் பட்டமும் 1853-இல் ஆறாம் ஏர்லோடு அற்றுப்போயிற்று. ஆஸ்க்வித்துக்கு 1925-இல் வழங்கியபோது, வெறும் ஆக்ஸ்ஃபோர்டு என்று வைப்பதற்கு ஹார்லி வழியினர் எதிர்ப்புத் தெரிவித்ததால் ஆக்ஸ்ஃபோர்டு மற்றும் ஆஸ்க்வித் ஏர்ல் என்று ஆயிற்று. அது இன்றும் நடப்பில் உள்ளது.

வேறொரு வாசகி, ராபர்ட் வால்போல் பெற்றதும் இதுதானா என்று கேட்டிருக்கிறார். அது ஆர்ஃபோர்டு, சஃபக் மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர். ஓரெழுத்து வேறுபாட்டால் பலரும் குழம்பும் இடம் இது.

கேள்வி: இன்று ஒருவர் தாம் டி வியர் வாரிசு என்று நிரூபித்தால் பட்டம் கிடைக்குமா? குடும்பத்துக்கு உரியதாக ஏதேனும் இன்று எஞ்சியிருக்கிறதா?

சில நூல்கள் இந்தப் பட்டத்தை அற்றுப்போனது என்றும், சில நூல்கள் உறங்கும் நிலையில் உள்ளது என்றும் எழுதுவதற்குக் காரணம் உங்கள் கேள்வியின் முதல் பாதிதான். தகுதியான வாரிசு எவரும் உலகில் இல்லை என்று உறுதியானால் பட்டம் அற்றுப்போனது. எங்கேனும் ஒருவர் இருக்கக்கூடும், ஆனால் அவர் தம் உரிமையை நிறுவவில்லை என்றால் அது உறங்குகிறது. 1400-இல் இறந்த பத்தாம் ஏர்ல் ஆப்ரியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் ஆணுக்கு ஆண், முறையான திருமணத்தில் பிறந்த மகன் என்பதற்குச் சான்று காட்டி, தமக்கு மூத்த கிளைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்பதையும் நிறுவுகிறவருக்கு உரிமை உண்டு. மன்னருக்கு விண்ணப்பிப்பதே அதற்கான முறை. அப்படி ஒருவருடைய உரிமை இந்த முந்நூறு ஆண்டுகளில் ஏற்கப்பட்டதில்லை.

இரண்டாவது பாதிக்கு, சேம்பர்லின் பதவியைத்தான் விடையாகச் சொல்ல வேண்டும். 1626-இல் பெர்ட்டி குடும்பத்துக்குப் போன அந்தப் பதவி, 1779-இல் நான்காம் ஆன்காஸ்டர் டியூக் பிள்ளையின்றி இறந்தபோது அவருடைய இரு சகோதரிகளிடம் போயிற்று. அவர்களுள் ஒருவருடைய பங்கு, பின்வந்த தலைமுறையில் மீண்டும் இரு சகோதரிகளிடையே பிரிந்தது. பல பங்குகளாகச் சிதறிய இந்த உரிமையை யார் எப்போது செலுத்துவது என்ற வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்து, 1902-இல் பங்குரிமை உறுதியானது. ஆட்சிதோறும் முறைவைத்துக் கிளைகள் அதை வகிக்கின்றன. இரண்டாம் எலிசபெத்தின் ஆட்சியில் சம்லி மார்க்விஸ் குடும்பத்தார் வகித்தார்கள்; 2022-இல் மூன்றாம் சார்ல்ஸ் அரியணையேறியதிலிருந்து காரிங்டன் பிரபு வகித்துவருகிறார். 1133-இல் முதலாம் ஹென்றி இரண்டாம் ஆப்ரிக்குத் தந்த அதே பதவி, பெண்களின் கைவழியாகவே அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.